பயாப்ஸி பண்றதுக்கு முன்னாடியே அம்மாவுக்கு 60 மில்லிகிராம் ஸ்டீராய்டு ஆரம்பிச்சுட்டாங்க, தமனி அழற்சியாம், யாராவது புரியற மாதிரி சொல்லுங்க

ஈரக்காத்து:

வணக்கம். அம்மாவுக்கு 72 வயசு. பிபிக்கு ஒரு மாத்திரை போடறாங்க, அத விட்டா பெருசா எந்த நோயும் இல்ல. ரெண்டு மாசமா தலைவலி தலைவலின்னு சொல்லிட்டே இருந்தாங்க, சாதாரணமா வலின்னு வாயத் திறக்கற ஆளே கிடையாது அவங்க. முதல்ல கண்ணாடி பவர் மாறியிருக்கும்னு கண்ணாடி மாத்தினோம், அப்புறம் சைனஸ்னு சொல்லி ஒரு வாரம் ஆன்டிபயாடிக், எதுலயும் கேக்கல. தலை வாரும்போது சீப்பு வலது பக்கம் நெத்திப்பொட்டுக்கு மேல வந்ததும் கை அப்படியே நின்னுடும். முடி இழுக்கறதால இல்லடா, தோலத் தொட்டாலே வலிக்குதுன்னாங்க. ராத்திரி அந்தப் பக்கம் தலையணைல சாயவே முடியல. சாப்பிட உக்காந்தா நாலஞ்சு வாய் மென்னதும் தாடை கடுக்குதுன்னு நிறுத்திட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்துட்டு மறுபடி மெல்லுவாங்க. பல்லுல ஏதோன்னு நெனச்சு பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் எக்ஸ்ரே எடுத்து ஒண்ணும் இல்லன்னு திரும்பி வந்தோம். எடையும் 4 கிலோ கொறைஞ்சிருக்கு, அத நாங்க கவனிக்கவே இல்ல.

போன வாரம் எங்க வழக்கமான டாக்டர் அந்தப் பொட்டுல விரல வெச்சுப் பாத்தாரு. பாத்துட்டு என் விரலையும் பிடிச்சு அங்க வெச்சு, தடிச்ச கயிறு மாதிரி உருளுதா, துடிப்பு தெரியுதான்னு கேட்டாரு. உருளுது, துடிப்பு இல்ல. இடது பக்கம் வெச்சுப் பாத்தா நல்லா துடிக்குது. அன்னைக்கே ரத்தம் எடுத்தாங்க, உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டற ரெண்டு டெஸ்ட், இ.எஸ்.ஆர் 96, சி.ஆர்.பி-யும் ரொம்ப அதிகம். சாயங்காலமே ருமட்டாலஜி (மூட்டு, அழற்சி நோய் பாக்கற) டாக்டர்கிட்ட அனுப்பினாங்க, அவங்க ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ்னு பேர் சொல்லி, அங்கயே நிக்க வெச்சு பிரெட்னிசொலோன் 60 மில்லிகிராம் விழுங்க வெச்சாங்க. பயாப்ஸி, அதாவது நெத்திப்பொட்டு ரத்தக்குழாய்லேர்ந்து ஒரு துண்டு எடுத்துப் பாக்கறது, நாலு நாள் கழிச்சுத்தான் பண்ணப் போறாங்களாம்.

என் குழப்பம் என்னன்னா, உறுதி ஆகறதுக்கு முன்னாடியே எதுக்கு இவ்ளோ பெரிய டோஸ்? ஸ்டீராய்டு போட்டா பயாப்ஸில எல்லாம் மறைஞ்சு போயிடாதா? சொந்தக்காரங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எலும்பு கரைஞ்சிடும், சுகர் வந்துடும், ரெண்டு நாள்ல தலைவலி போயிடுச்சுல்ல இனிமே நிறுத்திடுங்கன்னு. ஆமா, ரெண்டாவது நாளே தலைவலி போயிடுச்சு, அதுதான் எனக்கு இன்னும் குழப்பமா இருக்கு. ரத்தக்குழாய்ல பிரச்சனைன்னா கொழுப்பு அடைப்புதானே, அதுக்கு ஆஞ்சியோ, ஸ்டென்ட்னு தானே போவாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


பழையதச்சன்:

தம்பி, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க. ஒரு நாள் கூட. அத சொல்லத்தான் அவசரமா எழுதறேன்.

எங்க அப்பாவுக்கு இதே நோய். அப்போ அவருக்கு 76. இதே மாதிரி தலைவலி, தோள்பட்டை ரெண்டும் காலைல எழுந்ததும் மரக்கட்டை மாதிரி இறுகிப்போய் சட்டைக்குள்ள கை விடவே அரைமணி நேரம் ஆகும், வயசாச்சுன்னு விட்டுட்டோம். ஒரு நாள் மத்தியானம் பேப்பர் படிச்சிட்டு இருந்தவர், இடது கண்ணுல மேலேர்ந்து யாரோ துணிய இறக்கின மாதிரி இருக்குன்னாரு. பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் தெளிவாயிடுச்சு. வெயில்ல போயிட்டு வந்தது, கொஞ்சம் படுங்கன்னு சொன்னேன். சொன்னது நான்தான். மூணாம் நாள் காலைல எழுந்து வந்து சுவத்தத் தடவிட்டு நிக்கறாரு, இடது கண்ணுல ஒண்ணுமே தெரியல. அவசரப் பிரிவுல போனதும் அங்க இருந்த டாக்டர் முதல்ல கேட்ட கேள்வியே, இதுக்கு முன்னாடி கண் கொஞ்ச நேரம் மறைச்சு மறைச்சு வந்துச்சாங்கறதுதான். மூணு நாள் நரம்பு வழியா ஸ்டீராய்டு ஏத்தினாங்க. அந்தக் கண்ணு திரும்ப வரல. வலது கண்ணக் காப்பாத்தினாங்க, அதுக்கே நான் ஆயுசுக்கும் நன்றி சொல்லணும். அதுக்கப்புறம் 6 வருஷம் அந்த ஒரு கண்ணாலதான் பேப்பர் படிச்சாரு.

உங்கம்மாவுக்கு ஒரு டாக்டர் விரல வெச்சுப் பாத்ததும், அன்னைக்கே மாத்திரை கைக்கு வந்ததும் பெரிய விஷயம் தம்பி. கண்ணு மங்கலா தெரியுதா, ஒண்ணு ரெண்டா தெரியுதான்னு தினமும் கேளுங்க. ஒரு கண்ண மூடி மறு கண்ணால பாக்கச் சொல்லுங்க, ரெண்டு கண்ணும் திறந்திருந்தா ஒண்ணுல போனது தெரியாது.


வெள்ளைநாடா:

நான் டாக்டர்தான், ருமட்டாலஜில வேல பாக்கறேன். உங்க அம்மாவ நான் பாக்கல, அதனால அவங்களுக்கு எந்த டோஸ்னு நான் சொல்ல மாட்டேன், அவங்க டாக்டர் சொல்றதுதான் கணக்கு. ஆனா நீங்க கேட்ட ஒவ்வொண்ணும் நல்ல கேள்வி, வரிசையா இல்லாட்டியும் பதில் சொல்லிடறேன்.

முதல்ல அந்த கொழுப்பு விஷயம். தமனியோட சுவர் மூணு அடுக்கு. உள்ள ரத்தம் உரசிட்டுப் போற மெல்லிசான அடுக்கு, நடுவுல தசையும் ரப்பர் மாதிரி இழுபடற நாரும் இருக்கற அடுக்கு, வெளிய போர்வை மாதிரி ஒரு அடுக்கு. கொழுப்பு படியறது உள் அடுக்குல, பல வருஷமா மெதுவா நடக்கறது. உங்க அம்மாவுக்கு நடக்கறது வெளியேர்ந்து உள்ள வரது. பெரிய தமனியோட சுவருக்கே ரத்தம் குடுக்க வெளி அடுக்குல பொடிப்பொடியா குழாய் இருக்கும், அது வழியா நோய் எதிர்ப்பு செல்கள் சுவருக்குள்ள புகுந்துடுது. நம்ம உடம்பக் காக்க வேண்டிய செல்களே சுவர எதிரின்னு நெனச்சு அரிக்குது. சில செல்கள் ஒண்ணோட ஒண்ணு சேந்து பூதாகாரமா ஆகும், அதனாலதான் ஜயன்ட் செல்னு பேரு. நடுவுல இருக்கற ரப்பர் தகடு துண்டுதுண்டா உடையுது. சுவர் அத சரி பண்றேன்னு உள் அடுக்க தடிமனாக்குது, அது தடிக்கத் தடிக்க ரத்தம் போற வழி சுருங்குது. அடைப்பு அப்படி வருது. உள்ள எதுவும் வந்து உக்காரல, சுவரே வீங்கி வழிய மறிக்குது. அதனாலதான் இந்த நேரத்துல ஸ்டென்ட் வெக்கறது பதில் இல்ல. வீக்கத்த அடக்கணும்.

கொழுப்பு படியற நோய்லயும் அழற்சிக்கு பங்கு இருக்குன்னு இப்போ தெளிவா தெரியும், மாரடைப்பு வந்தவங்களுக்கு குறைஞ்ச டோஸ்ல கொல்கிசின்ங்கற அழற்சி மருந்து குடுக்கறது கூட அந்த அடிப்படைலதான். ஆனா அது வேற நோய், வேற வைத்தியம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

தாடை கடுக்கறது பல்லால இல்ல. மெல்லும்போது தாடைத் தசைக்கு கூடுதல் ரத்தம் வேணும், குழாய் சுருங்கிட்டதால அது போய்ச் சேரல, தசை கடுக்குது, நிறுத்தினா சரியாகுது. கால்ல ரத்த ஓட்டம் கொறைஞ்சவங்க நடந்தா கெண்டைக்கால் கடுத்து நின்னா சரியாகுமே, அதேதான். 50 வயசுக்கு மேல ஒருத்தர் புதுசா தலைவலி, மெல்லும்போது தாடை வலின்னு ரெண்டையும் சேத்து சொன்னா எங்களுக்கு தூக்கம் போயிடும். பழையதச்சன் ஐயா சொன்ன தோள் இறுக்கமும் இதோட கூடப்பிறந்ததுதான், பாலிமயால்ஜியா ருமாட்டிகான்னு பேரு, இந்த நோய் உள்ளவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அதுவும் இருக்கும்.

இப்போ முக்கியமான கேள்வி, ஏன் காத்திருக்காம 60. கண்ணுக்குப் பின்னாடி பார்வை நரம்போட நுனிக்கு ரத்தம் குடுக்கறது மயிரிழை மாதிரி சில குழாய்ங்க. அதுங்க அடைஞ்சா அந்த நரம்பு சில மணி நேரத்துல செத்துடும், திரும்ப முளைக்காது. ஒரு கண்ணு போனவங்களுக்கு வைத்தியம் இல்லாம விட்டா மறு கண்ணும் சில நாள்லயோ சில வாரத்துலயோ போற அபாயம் ரொம்ப அதிகம். அதனால சந்தேகம் பலமா இருந்தாலே மாத்திரை முதல்ல, சோதனை அடுத்து. பார்வைல கோளாறு இல்லாதவங்களுக்கு தினம் 40லேர்ந்து 60 மில்லிகிராம் பிரெட்னிசொலோன், பார்வை பாதிச்சிருந்தா மெத்தில்பிரெட்னிசொலோன் 500லேர்ந்து 1000 மில்லிகிராம் மூணு நாள் வரைக்கும் கைல ட்ரிப்ஸா, இதுதான் வழக்கம்.

பயாப்ஸில மறைஞ்சு போயிடாது. சுவர்ல புகுந்த செல்கள் வெளியேற நாளாகும், ஸ்டீராய்டு ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு வாரம் வரைக்கும் பயாப்ஸில நல்லாவே தெரியும். ஆனா இன்னொரு சிக்கல் இருக்கு. இந்த அழற்சி குழாய் முழுக்க ஒரே சீரா இருக்காது, ஒரு இடத்துல இருக்கும், அடுத்த சில மில்லிமீட்டர் சுத்தமா இருக்கும், மறுபடி இருக்கும். அதனாலதான் ஒரு சென்டிமீட்டருக்குக் கொறையாம எடுக்கச் சொல்றோம், அப்படி எடுத்தும் தப்பிச்சிடலாம். ஸோ பாசிட்டிவ்னா நோய் உறுதி, நெகட்டிவ்னா நோய் இல்லன்னு அர்த்தம் கிடையாது. அல்ட்ராசவுண்ட் பண்ணாங்களான்னு கேளுங்க, வீங்கின சுவர் குழாயச் சுத்தி கருப்பு வளையமா தெரியும். அந்த வளையம் ஸ்டீராய்டு உள்ள போகப் போக மங்கிடும், அதனால அத சீக்கிரமா பண்ணிடணும்.


ஈரக்காத்து:

டாக்டர், ரொம்ப நன்றி. சுவரே வீங்கி வழிய மறிக்குதுங்கற ஒரு வரில எனக்கு எல்லாம் புரிஞ்சிடுச்சு. பழையதச்சன் ஐயா, நீங்க எழுதினத அம்மாகிட்ட படிச்சுக் காட்டல, தங்கச்சிகிட்ட மட்டும் காட்டினேன், ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. நேத்துலேர்ந்து காலைல ஒரு தடவ ராத்திரி ஒரு தடவ ஒரு கண்ண மூடி காலண்டர் தேதியப் படிக்கச் சொல்றேன். ரெண்டு கண்ணும் நல்லா படிக்குது.

அல்ட்ராசவுண்ட் முதல் நாளே பண்ணிட்டாங்க, அந்த வளையம் ரெண்டு பக்கமும் இருக்காம். அப்போ சும்மா ஸ்கேன்னு நெனச்சுட்டேன்.

இப்போ வேற தொல்லை. அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து அலமாரி அடுக்கறாங்க, தூக்கமே இல்ல, படபடன்னு பேசறாங்க, சின்ன விஷயத்துக்கு அழுகை வருது. காலைல வெறும் வயித்துல சுகர் பாத்தோம், 98 தான். இது எவ்ளோ நாள் போடணும்? எப்படி கொறைப்பாங்க? வேற மருந்தே இல்லையா?


கைப்பிடிச்சுவர்:

அண்ணா, எனக்கு 31. எனக்கும் தமனி அழற்சிதான், ஆனா உங்க அம்மாவுக்கு வந்தது இல்ல, டகாயாசு. அம்மாவோடது 50 தாண்டினவங்களுக்கு வரது, இது பெரும்பாலும் 40க்குள்ள இருக்கற பொண்ணுங்களுக்கு, இதயத்துலேர்ந்து கிளம்பற பெரிய குழாயையும் அதோட கிளைகளையும் பிடிக்கும். 1908ல ஜப்பான்ல ஒரு டாக்டர்ங்க கூட்டத்துல டகாயாசுன்னு ஒரு கண் டாக்டர் 21 வயசுப் பொண்ணோட விழித்திரைல ரத்தக்குழாய்ங்க வளையமா பின்னிக் கிடக்கறத சொன்னாரு, அதே கூட்டத்துல வேற டாக்டர்ங்க நாங்க பாத்தவங்களுக்கு மணிக்கட்டுல நாடியே இல்லன்னு சொன்னாங்களாம். நாடி இல்லாத நோய்னே ஒரு பேரு உண்டு.

எனக்கு கண்டுபிடிக்கவே ரெண்டு வருஷம் ஆச்சு, அத இங்க எழுதறது யாராவது சின்ன வயசுப் பொண்ணு படிச்சா உதவட்டும்னுதான். 21 வயசுலேர்ந்து எப்பவும் அசதி, லேசான காய்ச்சல், எடை கொறைஞ்சிட்டே போச்சு. கைய தூக்கி பின்னல் போட ஆரம்பிச்சா பாதிலயே இடது கை கனத்து விழுந்துடும், கைய தொங்கப் போட்டு நின்னுட்டு மறுபடி பின்னுவேன். ரத்தம் கம்மி, மனசுல கவல, சரியா சாப்பிடறதில்லன்னு எல்லாம் சொன்னாங்க. ஒரு தடவ காய்ச்சலுக்குப் போனப்போ பிபி மெஷின் இடது கைல எதுவும் காட்டல, நர்ஸ் மெஷின் ரிப்பேர்னு சொல்லி வலது கைல கட்டினாங்க, 168ன்னு காட்டுச்சு, அதுவும் ரிப்பேர்னு எழுதாம விட்டுட்டாங்க. மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு. இடது கைக்குப் போற குழாய் சுருங்கியிருந்ததால அங்க பிரஷர் இல்ல, கிட்னிக்குப் போற குழாயும் சுருங்க ஆரம்பிச்சதால மத்த எல்லா இடத்துலயும் பிபி அதிகம். அடுத்த வருஷம் வேற ஒரு டாக்டர் ரெண்டு கைலயும் ஒரே நேரத்துல நாடி பிடிச்சுப் பாத்தாங்க, கழுத்து ஓரத்துல ஸ்டெத் வெச்சுக் கேட்டாங்க, உஸ் உஸ்னு சத்தம் வருதுன்னாங்க. எம்.ஆர் ஆஞ்சியோன்னு ரத்தக்குழாயப் படம் எடுக்கற ஸ்கேன்ல எல்லாம் தெரிஞ்சிடுச்சு. ரெண்டு கைக்கும் பிபி 10க்கு மேல வித்தியாசம் வந்தா மெஷினத் திட்டாதீங்க, காரணத்தக் கேளுங்க.

ஸ்டென்ட் பத்தி கேட்டீங்களே, எனக்கும் கிட்னி குழாய விரிக்கணும்னு இருந்துச்சு, ஆனா டாக்டர் அழற்சி அடங்கற வரைக்கும் முடியாதுன்னு உறுதியா சொல்லிட்டாங்க. கொதிச்சிட்டு இருக்கற சுவர்ல பலூன் விரிச்சா அது மறுபடி சுருங்கிடுமாம். ஸ்டீராய்டும் நோய் எதிர்ப்ப அடக்கற மெத்தோட்ரெக்சேட்டும் போட்டு ஒன்றரை வருஷம் கழிச்சு பண்ணாங்க, இன்னைக்கு வரைக்கும் நல்லா இருக்கு. இன்னொண்ணு, எனக்கு ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மலா இருந்தப்பவே ஸ்கேன்ல புதுசா ஒரு இடம் சுருங்கியிருந்துச்சு. அதனால ரிப்போர்ட் நார்மல்னா ஒரேயடியா நிம்மதி ஆயிட மாட்டேன், ஸ்கேன் தேதிய விட மாட்டேன். கல்யாணம் ஆகி குழந்தை வேணும்னு முடிவு பண்ணப்போ மெத்தோட்ரெக்சேட்ட சில மாசம் முன்னாடியே நிறுத்தி அசதயோப்ரினுக்கு மாத்தினாங்க, மெத்தோட்ரெக்சேட் கருவுக்கு ஆகவே ஆகாது. இப்போ என் பொண்ணுக்கு 3 வயசு.

அம்மா ராத்திரி அலமாரி அடுக்கறது ஸ்டீராய்டு வேலதான் அண்ணா. நானும் விடிய விடிய ஜன்னல் தொடச்சிருக்கேன். முகம் உருண்டையா ஆனப்போ கண்ணாடிய துணி போட்டு மூடிட்டேன். அம்மாகிட்ட இது மருந்தால வரது, டோஸ் கொறையக் கொறைய போயிடும்னு திரும்பத் திரும்ப சொல்லுங்க, எனக்கு அப்படி யாரும் சொல்லல, எனக்கு பைத்தியம் பிடிக்குதுன்னே நெனச்சேன்.


வெள்ளைநாடா:

கைப்பிடிச்சுவர், ஸ்டெத்த கழுத்துல வெச்சுக் கேக்கறது ஒரு நிமிஷ வேல, அத பண்ணாததால ஒருத்தருக்கு ரெண்டு வருஷம் போயிருக்குன்னு படிக்கறப்போ எங்க தொழில்ல இருக்கறவங்களுக்கு வலிக்கணும்.

ஈரக்காத்து, சுகர் விஷயத்துல ஒண்ணு திருத்திக்கணும். காலைல பிரெட்னிசொலோன் போட்டா அது சுகர ஏத்தறது மத்தியானத்துலேர்ந்து ராத்திரி வரைக்கும். விடியறதுக்குள்ள இறங்கிடும். அதனால வெறும் வயித்துல 98ன்னு பாத்து ஏமாந்துடாதீங்க, மத்தியானம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சும் சாயங்காலமும் பாருங்க. மாத்திரைய முழுசா காலைல சாப்பாட்டோட குடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, பிரிச்சு ராத்திரியும் போட்டா தூக்கம் இன்னும் கெடும். அம்மா பேச்சு ரொம்ப மாறுது, சந்தேகப்படறாங்க, இல்லாதது தெரியுதுன்னு சொன்னாங்கன்னா காத்திருக்காம சொல்லிடுங்க.

எவ்ளோ நாள்ங்கறதுக்கு நேர்மையான பதில், ஒரு வருஷத்துக்கு மேல, பலருக்கு ரெண்டு வருஷம் வரைக்கும். முதல் சில வாரம் 60லயோ 40லயோ வெச்சு, எல்லா தொந்தரவும் அடங்கினதும் இறக்க ஆரம்பிப்பாங்க. ரெண்டு மூணு மாசத்துல 15லேர்ந்து 20, ஒரு வருஷத்துல 5 அல்லது அதுக்குக் கீழ, இதுதான் குறி. மேல இருக்கும்போது 10 பத்தா இறக்கலாம், 10க்குக் கீழ வந்தா மாசத்துக்கு 1 மில்லிகிராம்னு நத்தை மாதிரிதான். நடுவுல நோய் மறுபடி தலைதூக்கறது சகஜம், அப்படி ஆனா ரெண்டு படி மேல ஏறி மறுபடி இறங்கணும். அது தோல்வி இல்ல, அம்மாகிட்ட இத முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க.

திடீர்னு நிறுத்தக் கூடாதுங்கறதுக்கு ரெண்டாவது காரணமும் இருக்கு. நம்ம உடம்பே சிறுநீரகத்துக்கு மேல இருக்கற அட்ரினல் சுரப்பில கார்ட்டிசால் சுரக்குது, தினசரி அளவு சுமார் 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்கு சமம். வெளியேர்ந்து வாரக்கணக்கா வந்துட்டே இருந்தா சுரப்பி தூங்கிடும். அப்போ மாத்திரைய சட்டுனு நிறுத்தினா பிபி விழுந்து, வாந்தி எடுத்து, ஆளே மயங்கிடலாம். அதனால ஸ்டீராய்டு சாப்பிடறேன்னு ஒரு சீட்டு எழுதி அம்மா பைல எப்பவும் இருக்கட்டும். வாந்தி வந்து மாத்திரை வயித்துல தங்கலன்னா அது அவசரம், ஊசியா போடணும், அடுத்த நாள் பாத்துக்கலாம்னு விடக் கூடாது. பெரிய காய்ச்சல், ஆபரேஷன்னு வந்தாலும் டோஸ் ஏத்த வேண்டியிருக்கும். ஸ்டீராய்டுல இருக்கறவங்களுக்கு தொற்று வந்தாலும் காய்ச்சல் பெருசா தெரியாது, அதையும் மனசுல வெச்சுக்கங்க.

சொந்தக்காரங்க எலும்பு பத்தி சொன்னது பொய் இல்ல. ஆனா அதுக்கு பதில் மாத்திரைய நிறுத்தறது கிடையாது, எலும்பக் காக்கறது. எலும்பு அடர்த்தி ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி, 72 வயசுல பெரும்பாலும் எலும்புக்கான பிஸ்பாஸ்பொனேட் மாத்திரையும் சேத்துத்தான் ஆரம்பிப்பாங்க. எலும்பு முதல் சில மாசத்துலயே வேகமா கொறையும், அதனால இத தள்ளிப் போடாதீங்க. கண் அழுத்தம், புரை ரெண்டுக்கும் கண் டாக்டர் செக்கப். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி போடலாம், உயிருள்ள கிருமி வெச்சு செய்யற தடுப்பூசி இந்த டோஸ்ல கூடாது.

வேற மருந்து இருக்கு. டோசிலிசுமாப்னு ஒரு ஊசி, இன்டர்லூகின் 6ங்கற அழற்சி சிக்னல தடுக்கும், வாரம் ஒரு தடவ தோலுக்கடில போடறது. 251 பேர வெச்சு நடந்த ஆய்வு 2017ல வெளியாச்சு, அதே வருஷம் அமெரிக்காவுல அனுமதியும் கிடைச்சுது. வாரா வாரம் ஊசியும் கூட 26 வாரத்துல ஸ்டீராய்ட இறக்கி முடிச்சவங்கள்ல 56 சதவீதம் பேர் ஒரு வருஷ முடிவுல நோய் திரும்பாம, ஸ்டீராய்டும் இல்லாம இருந்தாங்க. ஊசி இல்லாம ஸ்டீராய்ட மட்டும் அதே வேகத்துல இறக்கினவங்கள்ல 14 சதவீதம்தான், 52 வாரம் மெதுவா இறக்கினவங்கள்ல கூட 18தான். சுகர் ஏற்கனவே இருக்கறவங்க, எலும்பு பலவீனமானவங்க, நோய் திரும்பத் திரும்ப வரவங்களுக்கு இது பெரிய உதவி. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டிபி, ஹெபடைட்டிஸ் பி இருக்கான்னு பாக்கணும், குடல் சுவர்ல இருக்கற சின்னச் சின்னப் பை வீங்கற டைவர்ட்டிகுலைட்டிஸ் வந்திருந்தா சொல்லணும், குடல் ஓட்டை ஆகற அபாயம் உண்டு. இன்னொரு நுணுக்கம், இந்த ஊசி போட்டா சி.ஆர்.பி தானாவே நார்மல் ஆயிடும், நோய் உள்ள இருந்தாலும் ரிப்போர்ட் அழகா இருக்கும், அதனால ஆளத்தான் பாக்கணும், பேப்பர இல்ல. 2025ல உபாடாசிடினிப்னு ஒரு மாத்திரைக்கும் இந்த நோய்க்கு அனுமதி கிடைச்சிருக்கு. ஊசி கிடைக்காதவங்களுக்கோ ஒத்துக்காதவங்களுக்கோ மெத்தோட்ரெக்சேட்டும் சேக்கறது உண்டு. ஆனா கண்ணக் காப்பாத்தற அந்த முதல் அடிக்கு இன்னைக்கும் ஸ்டீராய்டுதான்.


மொட்டைமாடி:

இடைல நுழையறதுக்கு மன்னிக்கணும். என் பையனுக்கு 2 வயசுல கவாசாகின்னு சொன்னாங்க, அதுவும் தமனி அழற்சின்னாங்க, இதே வகையா? ஸ்டீராய்டு இல்லாம வேற என்னமோ ஏத்தினாங்க. இப்போ 5 வயசு, நல்லா ஓடறான், ஆனா வருஷா வருஷம் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொல்றாங்க.


வெள்ளைநாடா:

குடும்பம் ஒண்ணு, வகை வேற. இது நடுத்தர அளவு குழாய்ங்களப் பிடிக்கறது, முக்கியமா இதயத்துக்கே ரத்தம் குடுக்கற குழாய்ங்கள. பெரும்பாலும் 5 வயசுக்குள்ள. அஞ்சு நாளா விடாத காய்ச்சல், ரெண்டு கண்ணும் சிவப்பு, உதடு வெடிச்சு நாக்கு சிவந்து, உடம்புல தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்துல நெறி கட்டறதுன்னு வரும். அவனுக்கு ஏத்தினது இம்யூனோகுளோபுலின்ங்கற நோய் எதிர்ப்புப் புரதமா இருக்கும், காய்ச்சல் ஆரம்பிச்ச 10 நாளுக்குள்ள குடுத்துடணும். குடுக்கலன்னா நாலுல ஒரு குழந்தைக்கு இதயக் குழாய் பலூன் மாதிரி புடைக்கற அபாயம், நேரத்துல குடுத்தா அது ரொம்பவே கொறைஞ்சிடும். எக்கோ எதுக்கு தொடருதுன்னு உங்க டாக்டர்கிட்ட நேரா கேளுங்க, ஆரம்பத்துல குழாய் புடைச்சிருந்ததா இல்லையாங்கறத வெச்சுத்தான் அது முடிவாகும். பழைய ரிப்போர்ட்ட பத்திரமா வைங்க, அவன் பெரியவனானதும் அவன் கைல குடுங்க.


ஈரக்காத்து:

பத்து நாள் கழிச்சு எழுதறேன். பயாப்ஸி நெகட்டிவ். நல்லவேளை இங்க முன்னாடியே படிச்சிருந்தேன், இல்லன்னா அன்னைக்கே வீட்ல மாத்திரைய குப்பைல போட்டிருப்பாங்க. மாமா போன் பண்ணி, பாத்தியா நோயே இல்ல, சும்மா விஷத்தக் குடுத்துட்டாங்கன்னாரு. நான் அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்ட எடுத்து வெச்சுட்டுப் பேசினேன். அம்மாவோட டாக்டரும் அதேதான் சொன்னாங்க, எடுத்த துண்டு ஒன்றரை சென்டிமீட்டர், அந்த இடத்துல இல்லாம இருந்திருக்கலாம், வளையம் இருக்கு, தாடை வலி இருந்துச்சு, இ.எஸ்.ஆர் 96லேர்ந்து 30க்கு வந்திருக்கு, வைத்தியம் தொடருதுன்னு. இந்த வாரம் 50க்கு இறக்கியிருக்காங்க.

சாயங்காலம் சுகர் பாத்தோம் டாக்டர், 231. நீங்க சொல்லலன்னா தெரிஞ்சிருக்காது. அதுக்கு மாத்திரை குடுத்திருக்காங்க. எலும்பு ஸ்கேனுக்கு தேதி வாங்கியாச்சு. டோசிலிசுமாப் பத்தி கேட்டதும் டாக்டரே அடுத்த தடவ பேசலாம்னு இருந்தேன்னாங்க, டிபி டெஸ்ட்டுக்கு எழுதிக் குடுத்திருக்காங்க.

ஒரு நோட்டு போட்டிருக்கோம். தேதி, மாத்திரை எத்தன, வலது கண், இடது கண், சாயங்கால சுகர், தாடைன்னு கட்டம். தங்கச்சிதான் கோடு போட்டா. அம்மா கடைசில அவங்களா ஒரு கட்டம் சேத்திருக்காங்க, சீப்புன்னு. முந்தாநாள் வரைக்கும் அதுல பெருக்கல் குறி, நேத்து முதல் தடவையா ஒரு டிக். 

கைப்பிடிச்சுவர், ஒரு சந்தேகம், ராத்திரி தூக்கம் உங்களுக்கு எந்த டோஸ் கிட்ட திரும்ப வந்துச்சு? அம்மா கேக்கச் சொன்னாங்க.


கைப்பிடிச்சுவர்:

எனக்கு 20க்குக் கீழ வந்ததும் நாலு மணி நேரம் தொடர்ச்சியா தூங்கினேன், 10 கிட்ட வந்தப்போ முழு ராத்திரி. ஒவ்வொருத்தருக்கும் மாறும். அது வரைக்கும் அலமாரி அடுக்கட்டும், ஆனா ஸ்டூல் மேல மட்டும் ஏற விடாதீங்க, ஸ்டீராய்டுல தொடைத் தசை பலம் கொறையும், எனக்கு படி ஏறவே கைப்பிடி வேணும்னு ஆச்சு. அம்மாகிட்ட நான் கேட்டதா சொல்லுங்க அண்ணா.